தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு சங்கம்: தொடங்குவது எப்படி?

நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் ஒருவர் "எனக்கு இது தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டால் பேச்சு அவரை விட்டு நகர்ந்து போய்விடும். அடித்துப் பேசுகிறவரைச் சுற்றித்தான் ஆட்கள் நிற்பார்கள். அவர் சொன்னது தப்பு என்று அடுத்த மாதம் தெரியவந்தாலும், யாரும் போய் "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே" என்று கேட்கப்போவதில்லை. தெரியாது என்று சொன்னால் மரியாதை போகிறது, தெரியும் என்று சொன்னால் ஒன்றும் போவதில்லை, அப்புறம் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்?

இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவதற்கென்றே ஒரு சிறு சங்கம் நடத்தலாம். பணிவு, அடக்கம் என்று உபதேசம் செய்து யாரையும் மாற்ற முடியாது என்பது என் கட்சி. ஆனால் ஒரு அறைக்குள் விதிகளை மாற்றி வைத்தால், அந்த அறைக்குள் இருக்கும் வரையிலாவது ஆட்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். எப்படித் தொடங்குவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் முன்மாதிரி

1727-ல் பிலடெல்பியாவில், அமெரிக்கா இன்னும் பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த காலத்தில், 21 வயது அச்சுத் தொழிலாளி ஒருவர் தனக்குத் தெரிந்தவர்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடத் தொடங்கினார். பின்னாளில் மின்னலையும் பட்டத்தையும் வைத்துப் பெயர் வாங்கிய பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அவர். கூட்டத்துக்குப் பெயர் ஜன்டோ. முதலில் கூடியது ஒரு மதுக்கடையில். வந்தவர்கள் பெரிய படிப்பாளிகள் இல்லை: கண்ணாடி வேலை செய்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர், பத்திரம் நகலெடுப்பவர், நில அளவையாளர், வணிகரிடம் கணக்கு எழுதுபவர், அச்சகத்தில் கூடவே வேலை செய்த இரண்டு மூன்று பேர், கொஞ்சம் வசதியான ஒரு இளைஞர். தோல் ஏப்ரன் கட்டிய கைத்தொழிலாளர்கள் அதிகம் என்பதால் தோல் ஏப்ரன் சங்கம் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஏறத்தாழ 40 வருடம் ஓடியது.

சேர வருபவர் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே இருக்கும் யார் மீதாவது உங்களுக்கு மரியாதைக் குறைவு உண்டா? எந்தத் தொழில், எந்த மதமாக இருந்தாலும் மனிதர்களை நேசிக்கிறீர்களா? வெறும் கருத்துக்காகவோ வழிபடும் முறைக்காகவோ ஒருவருடைய உடலுக்கும் பெயருக்கும் பொருளுக்கும் கெடுதல் செய்யலாமா? உண்மையை உண்மைக்காகவே விரும்பி, பாரபட்சம் இல்லாமல் தேடி, ஏற்றுக்கொண்டு, மற்றவர்களுக்கும் சொல்வீர்களா? (இவ்வளவு பெரிய மனசு பேசிய கூட்டத்தில் ஒரு பெண்கூடக் கிடையாது. நீங்கள் தொடங்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

நான்காவது கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாமல் பிராங்க்ளினும் நண்பர்களும் கொஞ்ச நாளில் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: கருத்தை அடித்துச் சொன்னாலோ, நேருக்கு நேர் மறுத்துப் பேசினாலோ சிறு அபராதம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முக்கியமாக இதைத்தான்.

ஆட்களைச் சேர்ப்பது

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். ஜன்டோவின் உச்சவரம்பு 12. அதற்கு மேல் போனால் பாதிப் பேர் பார்வையாளர் ஆகிவிடுவார்கள்.

ஒரே அலுவலகத்திலிருந்து எல்லாரையும் எடுக்காதீர்கள், மேலதிகாரி முன்னால் யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். ஒரே கட்சி அபிமானிகளும் வேண்டாம். மெக்கானிக், மருந்துக்கடைக்காரர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர், வீட்டு நிர்வாகம் பார்ப்பவர், பேங்க் ஊழியர் என்று கலந்து இருந்தால் ஒரு லாபம் உண்டு: ஒருவருக்குத் தண்ணி பட்ட பாடாக இருக்கும் விஷயம் அடுத்தவருக்கு இருட்டு. வாராவாரம் இருட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், யாரும் நிரந்தரமாக அறிவாளியாக இருக்க முடியாது.

எல்லாரும் "சார்" என்று கூப்பிடுகிற மூத்தவர் ஒருவர் எப்படியும் இருப்பார். அவரைத் தவிர்க்க வேண்டாம், ஆனால் அவரைக் கடைசியில் பேச வையுங்கள். யூதர்களின் பழைய நீதிமன்ற மரபில் உயிர்த்தண்டனை வழக்கு என்றால் இளையவர்களிடமிருந்துதான் கருத்துக் கேட்கத் தொடங்குவார்கள், பெரியவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதையொட்டியே போய்விடுவார்கள் என்பதால். இதைச் சாரிடமே விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்.

இடம் பெரிய விஷயமில்லை. மொட்டைமாடி, நூலகத்தில் வாசகர் வட்டம் கூடும் அறை, கூட்டம் குறைந்த நேரத்தில் டீக்கடையின் பின்பக்கம், எதுவும் ஆகும். கிழமையும் நேரமும் மட்டும் மாறவே கூடாது. இந்த வாரம் யாருக்கு எப்போது வசதி என்று வாட்ஸப்பில் கேட்டுக் கேட்டு முடிவு செய்கிற கூட்டங்கள் சீக்கிரமே கலைந்துவிடும்.

முதல் கூட்டம்: ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர்

அறிமுகம், நோக்கம் என்று முதல் நாளை வீணாக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும், கடலோர ஊர் என்றால் வழிந்து மேசையில் வட்டமே போட்டுவிடும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கோடையில் குளிர்ந்த நீர் வைத்த குவளையின் வெளியே பனிபோல நிற்பது எங்கிருந்து வருகிறது என்பது ஜன்டோவில் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று.

கேட்டவுடன் பேச விடாதீர்கள். ஆளுக்கு ஒரு தாள். முதலில், இது தனக்கு எவ்வளவு புரிகிறது என்று 1 முதல் 7 வரை ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது என்பதால் 5, 6 என்றுதான் பெரும்பாலும் வரும். அடுத்து விளக்கத்தை எழுதச் சொல்லுங்கள், படிப்படியாக, பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. எழுதி முடித்ததும் மறுபடி ஒரு எண்.

இரண்டாவது எண் இறங்கும். 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் ரோசன்பிளிட், பிராங்க் கீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஜிப், பூட்டு, பிளஷ் டாய்லெட் மாதிரிப் பொருட்களை வைத்து இதே முறையில் ஆய்வு செய்தார்கள். எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி எழுதச் சொன்னதும், தங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று முதலில் போட்ட மதிப்பெண்ணை ஆட்கள் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் மடக்கவில்லை, பேனாவும் தாளும் போதுமாக இருந்தது. சங்கம் முழுக்க இந்த ஒரு உத்தியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

அப்புறம் விவாதம். "காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து தண்ணியாகுது" என்று ஒருவர் சொல்வார். சரி, அது டம்ளருக்குள்ளிருந்து கசிந்த தண்ணீர் இல்லை என்று எப்படித் தெரியும்? இங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது. யாராவது ஒருவர் உள்ளே ரோஸ்மில்க் எசன்ஸை ஊற்றிப் பார்க்கலாம் என்பார். ஊற்றிப் பாருங்கள், உள்ளே ரோஸ் நிறம், வெளியே துளிகளுக்கு நிறமே இல்லை. சரி, அதே மேசையில் சாதாரணத் தண்ணீர் வைத்த டம்ளர் ஏன் வியர்க்கவில்லை? எவ்வளவு குளிர்ந்தால் வியர்க்கும்? அந்த அளவு ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் ஏன் மாறுகிறது? குளிர்ந்த காற்றால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாது என்கிறார்களே, பிடிப்பது என்றால் என்ன? மூன்றாவது, நான்காவது "ஏன்" வரும்போது பள்ளிக்கூடப் பாடம் தீர்ந்துபோகும், அறையில் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே "இதுக்கு மேல எனக்குத் தெரியல" என்பார். உங்கள் சங்கம் அந்த நிமிடம் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு டீ சொல்லுங்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு, பார்க்காமல் சைக்கிள் வரையச் சொல்லலாம். 2006-ல் ரெபெக்கா லாசன் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் செய்து பார்த்தது இது. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துச் செயின் மாட்டியவர்கள் அதில் நிறைய. தினம் சைக்கிள் மிதிக்கிறவரும் தப்பாக வரைவார், வரைந்ததை எல்லாரும் பார்ப்பார்கள், சிரிப்பில் பாதிக் கூச்சம் போய்விடும்.

உண்டியலும் அபராதமும்

மூன்றாவது கூட்டத்திலிருந்து உண்டியல். அதற்கு முன்னால் வைத்தால் பயந்து ஓடிவிடுவார்கள்.

ஐந்து ரூபாய் அபராதம் எதற்கு? "கண்டிப்பா", "சந்தேகமே இல்லை", "நூத்துக்கு நூறு", "எழுதி வெச்சுக்கோங்க", "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே" மாதிரிப் பேச்சுகளுக்கு. பிராங்க்ளின் தன் சொந்தப் பேச்சிலும் இதைப் பின்பற்றினார்: நிச்சயமாக, ஐயமின்றி என்பவற்றை விட்டுவிட்டு, எனக்குத் தோன்றுவது, இப்போதைக்கு எனக்கு இப்படிப் படுகிறது என்று சொல்லப் பழகினார். அவர் கர்வமாக, அடுத்தவரை அமுக்கிப் பேசுகிறார் என்று நண்பர் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு வந்த மாற்றம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். "எனக்குப் பட்ட வரைக்கும்" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவருக்கு மறுத்துப் பேச இடம் கிடைக்கிறது, நமக்கும் பின்வாங்க வழி இருக்கிறது.

இருபது ரூபாய் அபராதம் ஒன்றே ஒன்றுக்கு: "இதுகூடத் தெரியாதா?" வாயால் சொன்னாலும் சரி, பார்வையால் சொன்னாலும் சரி. இதில் தள்ளுபடியே கூடாது. ஒரு தடவை ஒருவர் அவமானப்பட்டு உட்கார்ந்தால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற ஏழு பேரும் இனிமேல் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள்.

தெரியாது என்று சொன்னவருக்குக் கைதட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கைதட்டினால் அதற்காகவே சொல்லத் தொடங்குவார்கள். அபராதமும் இல்லை, பரிசும் இல்லை, "சரி, அடுத்து" என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவு சாதாரணமாக.

ஒரு தகவலைச் சொல்லும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது இன்னொரு விதி. நானே பார்த்தது, படித்தது, யாரோ சொன்னது, என் ஊகம்: நாலில் ஒன்று. ஃபார்வர்டு மெசேஜ் எல்லாம் "யாரோ சொன்னது" கணக்கில்தான் வரும், கீழே எத்தனை டாக்டர் பெயர் போட்டிருந்தாலும். இந்த ஒரு விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே "கருப்பட்டி சாப்பிட்டா சுகர் ஏறாது" ரகப் பேச்சில் முக்கால்வாசி தானாக அடங்கிவிடும், ஏனென்றால் எங்கே படித்தோம் என்று யோசிக்கும்போதே குரல் இறங்கிவிடுகிறது.

பாக்கி நோட்டு

மளிகைக்கடையில் இருப்பது போல ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். யாருக்கும் விடை தெரியாத கேள்வியை அதில் எழுதி, எடுத்துப் போகிறவர் பெயரையும் எழுதிவிடுங்கள். அடுத்த கூட்டம் அந்தப் பாக்கியைத் தீர்ப்பதில் தொடங்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, எவ்வளவு நம்பலாம். தேடியும் கிடைக்கவில்லை என்பதும் நல்ல பதில்தான், எங்கெல்லாம் தேடினேன் என்று சொன்னால். கூட்டத்தின் நடுவில் போனை எடுத்துப் பார்ப்பதைத் தடை செய்யுங்கள். பார்த்துச் சொல்கிறவர் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததுபோல் பேசத் தொடங்கிவிடுவார், அதோடு தெரியாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நல்ல ஊகங்களும் நல்ல கேள்விகளும் வருகின்றன. (ஆம்புலன்ஸ், குழந்தை, மாமியார் போன் எல்லாம் விதிவிலக்கு.)

சதவீதக் கணக்கு

சங்கம் இரண்டு மாதம் ஓடிய பிறகு இதைச் சேருங்கள். அடுத்த கூட்டத்துக்குள் விடை தெரிந்துவிடும் பத்து விஷயங்களை எடுங்கள்: ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் ஊரில் மழை பெய்யுமா, தங்கம் இன்றைய விலையைவிட ஏறியிருக்குமா, குறிப்பிட்ட அணி ஜெயிக்குமா என்று. ஒவ்வொன்றும் நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஆளாளுக்குத் தனியாக எழுத வேண்டும்.

மதிப்பெண் போட, கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் 1950-ல் கொடுத்த முறை இருக்கிறது. மழை வரும் என்று 80 சதவீதம் போட்டீர்கள், வந்துவிட்டது: 1-லிருந்து 0.8 கழித்தால் 0.2, அதை அதனாலேயே பெருக்கினால் 0.04. வரவில்லை என்றால் 0.8-ஐ அதனாலேயே பெருக்கி 0.64. பத்துக்கும் சராசரி எடுங்கள், குறைவாக இருப்பவர் கெட்டிக்காரர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் பத்துக் கேள்விக்கும் "தெரியாது, பாதிக்குப் பாதி" என்று 50 போட்டால், என்ன நடந்தாலும் அவர் சராசரி சரியாக 0.25. உங்கள் சங்கத்தில் எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் 0.3, 0.35 என்று வந்து நிற்க வாய்ப்பு நிறைய. வாய் திறக்காமல் எல்லாவற்றுக்கும் தெரியாது என்று எழுதிய மாணவியைவிட அவர் பின்தங்கியிருக்கிறார் என்று கணக்கே சொல்லிவிடும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டிவிடாமல், நாலைந்து கூட்டத்துக்கான தாள்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

வரப்போகும் தொல்லைகள்

முதல் தொல்லை பொய்யான "தெரியாது". இது மூன்று ரகம். ஒன்று, நழுவல்: "நமக்கு எதுக்குங்க அதெல்லாம், எனக்கு ஒண்ணும் தெரியாது." இரண்டு, தன்னடக்க வேஷம்: "எனக்கு என்னங்க தெரியும்" என்று தொடங்கி நாற்பது நிமிடம் சொற்பொழிவு. மூன்றாவதுதான் ஆபத்தானது: "யாருக்குமே முழுசாத் தெரியாதே, அப்ப எல்லாக் கருத்தும் ஒண்ணுதான்." பூமி உருண்டை என்பதற்கும் தட்டை என்பதற்கும் சமமரியாதை கேட்கிற ரகம் இது. மூன்றுக்கும் ஒரே மருந்து, அடுத்த கேள்வி: எந்தப் பகுதி தெரியவில்லை, எது தெரிந்தால் தெளிவாகும்? நேர்மையாகத் தெரியாதவருக்கு இதற்கு உடனே பதில் வரும். மற்றவர்கள் தடுமாறுவார்கள்.

இரண்டாவது தொல்லை நுணுக்கப் பேர்வழி. ஜன்டோவிலும் இருந்தார். தாமஸ் காட்பிரே என்ற கண்ணாடித் தொழிலாளி, தானாகவே கணிதம் கற்று, கடல் பயணத்தில் கோணம் அளக்கும் கருவியை வடிவமைத்த பெரிய மூளைக்காரர். ஆனால் யார் எதைச் சொன்னாலும் கறாரான துல்லியம் எதிர்பார்ப்பார், சில்லறை விஷயத்துக்கெல்லாம் மறுப்பும் நுணுக்க வேறுபாடும் சொல்லிப் பேச்சையே கெடுத்துவிடுவார், சீக்கிரமே விலகிவிட்டார் என்று பிராங்க்ளின் எழுதுகிறார். இப்படி ஒருவர் கிடைத்தால், "நீங்க சொல்ற திருத்தத்தால முடிவு மாறுமா?" என்று கேளுங்கள். மாறும் என்றால் பேசலாம். மாறாது என்றால் பாக்கி நோட்டில் எழுதிக்கொண்டு நகரலாம்.

சாதி, மதம், கட்சி பேசலாமா? முதல் மூன்று மாதம் வேண்டாம். அதற்கு அப்புறம் பேசாமல் இருந்தால் சங்கத்துக்கு உப்பு இல்லை. பிலடெல்பியாவில் அன்று எரிந்துகொண்டிருந்த அரசியல் சண்டை காகிதப் பணம் அச்சிடலாமா கூடாதா என்பது, பணக்காரர்கள் எதிர்த்தார்கள். அதை ஜன்டோவில் பேசி அலசிய பிறகுதான் பிராங்க்ளின் 1729-ல் பெயர் போடாமல் ஒரு பிரசுரம் எழுதினார். பின்னால் பணம் அச்சடிக்கும் வேலையும் அவர் அச்சகத்துக்கே வந்தது, ஆள் விவரமானவர்! சூடான விஷயம் பேசும்போது ஒரு கூடுதல் விதி: எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் நீங்கள் சொல்ல வேண்டும், அந்தப் பக்கத்துக்காரர் "ஆமா, இதைத்தான் சொல்றோம்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் வாதம்.

கடைசித் தொல்லை, ஆர்வம் வற்றுவது. வெறும் உண்மைத் தேடலுக்காக ஆட்கள் ஒரு வருடம் வர மாட்டார்கள். ஜன்டோவின் 24 வழக்கமான கேள்விகளைப் படித்தால் இது புரியும்: சமீபத்தில் ஊரில் யார் தொழில் நொடித்தது, காரணம் என்ன? புதிதாகத் தொழில் தொடங்கியவர்களில் நாம் கைகொடுக்கத் தகுந்தவர் உண்டா? உங்கள் முயற்சிக்கு நாங்கள் எப்படி உதவலாம்? ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக் குடிக்கும் அளவு இடைவெளி. நீங்கள் டீ வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி இருபது நிமிடத்தை ஒருவருக்கொருவர் உதவிக்கு ஒதுக்குங்கள். பிள்ளைக்கு எந்தக் காலேஜ், கடைக்கு லோன் எப்படி, அம்மாவின் மூட்டுவலிக்கு யாரைப் பார்ப்பது என்று. பொய்யாக "எனக்குத் தெரியும்" என்று சொல்லி யாரையும் தப்பான இடத்துக்கு அனுப்பாத எட்டுப் பேரின் யோசனை வெளியே சுலபத்தில் கிடைக்காது.

ஆள் கூடினால்

பெயர் பரவி, சேரக் கேட்டு வந்தால் பெரிதாக்காதீர்கள். ஜன்டோவிலும் சிலர் ஆள் சேர்க்கச் சொன்னார்கள். பிராங்க்ளின் ஒப்புக்கொள்ளாமல், உறுப்பினர் ஒவ்வொருவரும் இதே விதிகளோடு வேறொரு சங்கம் தொடங்கட்டும் என்றார், ஐந்தாறு சங்கங்கள் அப்படி உருவாயின. உங்களில் இரண்டு பேர் பிரிந்து போய்த் தொடங்கினால் போதும், நோட்டும் உண்டியலும் அவர்களுக்குத் தனி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜன்டோவின் 24-ஆவது கேள்வியைக் கேளுங்கள்: நம் நடைமுறையில் திருத்த வேண்டியது எது? அதே நாளில் உண்டியலையும் உடையுங்கள். அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள், நல்ல யோசனைதான், ஆனால் அதை யார் வீட்டில் வைப்பது, யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஜன்டோக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் புத்தகம் கொண்டுவந்து கூடும் அறையில் சேர்த்து வைத்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கெட்டுப்போய், ஒரு வருடத்தில் அவரவர் புத்தகத்தை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு 1731-ல் சந்தா முறையில், ஆளுக்கு 40 ஷில்லிங் சேர்க்கைக் கட்டணம், வருடத்துக்கு 10 ஷில்லிங் என்று 50 பேரைப் பிடித்து நூலகம் தொடங்கினார்கள். அது இன்றும் பிலடெல்பியாவில் நடக்கிறது.